பச்சைப் பை

சேலம் மாவட்டத்தில் தன் நிழலிடமே அடையாள அட்டை கேட்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் ஹால்ட் ஐயாதான்.

அஸ்தம்பட்டியில் நாங்கள் குடியிருக்கும் பன்னிரண்டு வீட்டு அடுக்ககத்துக்கு அவர் வாட்ச்மேன். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். அவருக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆனால் கேட்டுக்குள் யார் கால் வைத்தாலும் "ஹால்ட்!" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தமே பெயராகிவிட்டது. இரண்டு வருடமாக சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம்கூட ஒவ்வொரு தடவையும் பெயர், ஊர், அப்பா பெயர் எல்லாம் கேட்பார். அந்த ஆள் சிலிண்டரைத் தோளில் வைத்தபடியே பதில் சொல்வார்.

ஒருமுறை நான் மட்டும் பழனிக்குப் போய் மொட்டை போட்டு, மீசையையும் எடுத்துவிட்டுத் திரும்பினேன்.

"ஹால்ட்! யாருங்க?"

"நான்தாங்க, மூணாவது மாடி."

"மூணாவது மாடிக்காரருக்கு மீசை இருக்குதுங்க."

"எடுத்துட்டேங்க."

"எதுக்கு எடுத்தீங்க? செரி, உங்க பால்கனியில எத்தன பூந்தொட்டி, சொல்லுங்க பாக்கலாம்."

எனக்கு எங்கே தெரியும்? திருதிருவென்று விழித்தேன். சந்தேகம் ஊர்ஜிதமாகிவிட்டது. என் மனைவியை பால்கனிக்கு வரவழைத்தார். அவள் எட்டிப் பார்த்தாள். தலை முதல் கால் வரை நிதானமாகப் பார்த்தாள். "தெரியலையேங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நாலு நாளாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பது ஹால்ட் ஐயாவுக்கு எப்படித் தெரியும்? அரை மணி நேரம் வெயிலில் மொட்டை காய்ந்தது.

இரண்டாவது மாடியில் பெண் பார்க்க வந்தவர்களையும் அவர் விடவில்லை. தாம்பாளத் தட்டுகளோடு எட்டுப் பேரையும் வரிசையில் நிறுத்திக் கையெழுத்து வாங்கினார். மாப்பிள்ளையிடம் மட்டும் தனியாக நாலு கேள்வி. பிறகு நோட்டில் அவர் பெயருக்கு நேரே "விசாரிக்கவும்" என்று எழுதிவிட்டார். பெண்ணின் அப்பா குதியாய்க் குதித்தார். பெண்ணோ அதைப் படித்துவிட்டு நிஜமாகவே விசாரித்தாள். மாப்பிள்ளை சொன்ன கம்பெனியில் அப்படி ஒருவரே இல்லை. அன்றிலிருந்து அந்தப் பெண் மட்டும் கேட்டைத் தாண்டும்போதெல்லாம் அவருக்கு ஒரு சல்யூட் வைப்பாள்.

எல்லோரையும் சந்தேகப்பட்ட அவர்மேல் எங்களுக்கே சந்தேகம் வந்தது. காரணம், ஒரு பச்சை நிறக் கித்தான் பை. மாதத்தில் ஒருநாள் லீவு எடுப்பார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கேயோ போவார். எங்கே என்று கேட்டால், "வெளிய போயிட்டு வாரேனுங்க." அவ்வளவுதான்.

எங்கள் அடுக்ககச் சங்கத் தலைவர் ஓய்வு பெற்ற அதிகாரி. ஹால்ட் ஐயா மோட்டார் போடப் போன நேரம் பார்த்துப் பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டார்.

"பிளேடு இருக்குதுங்க. கம்பி பிரஷ், கருப்பு பெயின்ட், ஒரு பாட்டில்ல என்னமோ தண்ணியாட்டம். நல்ல மனுசன் பையில பிளேடு எதுக்குங்க?"

குடியரசு தினத்தன்று முன்னாள் ராணுவ வீரர் என்று அவருக்குச் சால்வை போர்த்தத் தீர்மானித்திருந்தோம். அவரோ, "அன்னிக்கு லீவுங்க" என்றுவிட்டார். தலைவர் என்னைத் தனியே இழுத்தார். "பட்டாளத்துக்காரன் கொடியேத்தற நாள்ல லீவு கேப்பானா? எந்தச் சண்டையில இருந்தீங்கன்னா வாயே தொறக்கறதில்ல. ஆளு டுபாக்கூருங்க. பின்னாலயே போய்ப் பாத்துட்டு வாங்க."

நான் செயலாளர். போனேன்.

குடியரசு தினத்தன்று காலையில் அவர் மேச்சேரி பஸ்ஸில் ஏறினார். நான் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தேன். மேச்சேரியில் பஸ் மாறி, ஒரு சின்ன ஊரில் இறங்கினார். நான் டீக்கடை ஓரமாக, ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்று பார்த்தேன். நேராக நிழற்குடைக்குப் போனார். பெஞ்சில் ஏறினார். பிளேடை எடுத்தார். நிழற்குடையின் நெற்றியில் கட்டியிருந்த காதுகுத்து பிளெக்ஸை சரக்கென்று அறுத்தார். தாய்மாமன் முகம் மூக்கோடு இரண்டாகக் கிழிந்தது.

ஐந்து நிமிடத்தில் அந்தத் தாய்மாமனே நாலு பேரோடு வந்துவிட்டார். ஹால்ட் ஐயாவின் சட்டையைப் பிடித்தார். "எவன்டா நீ? எவன் சொல்லிக் கிழிச்ச?"

ஹால்ட் ஐயா கைகளைத் தொடையோடு ஒட்டி விறைப்பாக நின்றார். தாய்மாமன் கையை ஓங்கியதைப் பார்த்து, "ஏனுங்க, அடிக்காதீங்க, எங்க ஐயாங்க!" என்று கத்திக்கொண்டு குறுக்கே ஓடினேன்.

ஹால்ட் ஐயா என்னைத்தான் முறைத்தார். "மொதல்ல ஹெல்மெட்டக் கழட்டுங்க. ஆரு நீங்க?"

கழற்றினேன். "அட, செயலாளரு! என்னைய வேவு பாக்கவா வந்தீங்க?"

அப்போதுதான் எல்லோரும் மேலே பார்த்தோம். பிளெக்ஸ் தொங்கிய இடத்தில் பெயின்ட் உதிர்ந்த எழுத்துகள். எல்லையில் உயிர் நீத்த சிப்பாய் செல்லமுத்து நினைவாக, என்று இருந்தது.

"நானும் அவனும் ஒரே டென்ட்டுங்க," என்றார் ஹால்ட் ஐயா. "கொடியேத்தற நாள்லயாவது அவன் பேரு மறைஞ்சு கெடக்கக் கூடாதுங்களே. வெள்ளந்தி அவன். ஆரையும் சந்தேகப்படத் தெரியாது. சென்ட்ரி டூட்டியில இருட்டுல ஒருத்தன் வந்தான். நம்மாளுன்னு நெனச்சு ஆருன்னே கேக்காம உட்டுட்டான். ஒரு வார்த்த கேட்டிருந்தான்னா..."

பாட்டிலைத் திறந்து துணியில் டர்பன்டைன் ஊற்றி, அந்தப் பெயரின்மேல் ஒட்டியிருந்த பழைய போஸ்டர் பசையைத் துடைக்க ஆரம்பித்தார். சட்டையைப் பிடித்த கை எப்போது விலகியது என்று நான் கவனிக்கவில்லை.

"தெனமும் இங்கதானுங்க பஸ்ஸுக்கு நிக்கறேன்," என்றார் தாய்மாமன் மெதுவாக. "ஒருநாளும் படிச்சதில்ல." அவரே ஏணி கொண்டுவந்து, பிளெக்ஸைத் தள்ளி ஒரு வேப்பமரத்தில் கட்டினார். பிறகு எங்களைக் காதுகுத்துச் சாப்பாட்டுக்கு இழுத்துப் போனார். பந்தியில் உட்கார்ந்த ஹால்ட் ஐயா கறியைக் கிளறிப் பார்த்து, "ஆடு மேச்சேரி ஆடுதானுங்களா? பாத்து வாங்குனீங்களா?" என்றார்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தார். "இதை எங்ககிட்ட சொல்லியிருக்கலாமேங்க" என்றேன்.

"சொன்னா போட்டோ எடுக்க வந்துருவீங்க."

தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சால்வையைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, அடுத்த மாதம் கீழே போய் ஒரு புது பிரஷைக் கொடுத்தார். ஹால்ட் ஐயா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

இப்போது அவருக்கு முழங்கால் வலி. பெஞ்சில் ஏற முடிவதில்லை. மாதம் ஒருநாள் நாங்கள் இருவரும் போகிறோம். நான் ஏறி அந்த எழுத்துகளின் மேல் கருப்பு பூசுகிறேன். 'செ' மட்டும் எனக்குக் கோணலாகவே வருகிறது. அவர் கீழே நின்று என் இரண்டு கால்களையும் இறுகக் கட்டிப் பிடித்துக்கொள்கிறார்.

"பதறாம எழுதுங்க சாமி, நான் புடிச்சிருக்கேன்" என்கிறார். அந்த உயரத்தில் எனக்குப் பயமே வருவதில்லை.