மத்தியானம் செய்த வண்டி

கடையில் செய்து வைத்ததை நான் வாங்குவதில்லை. இது என் கொள்கை. சட்டை தைத்துத்தான் போடுவேன். வீட்டு அலமாரி நானே அடித்தது. கொஞ்சம் சாயும். சாய்ந்தால் என்ன, என் சாய்வு.

தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கிற வேலையில் இருந்தவன். மயிரிழை கூடினாலும் பொருளைத் திருப்பி அனுப்புவேன். நான் வருவது தெரிந்தால் லேத் ஓட்டுகிறவர்கள் வேறு வழியாகப் போவார்கள். ஓய்வு பெற்றபின் திருப்பி அனுப்ப எதுவும் இல்லை. வீட்டில் இருந்தது மனைவி மட்டும். அவளை அனுப்பினாலும் போகமாட்டாள்.

அந்தச் சமயத்தில் மாப்பிள்ளை வெளிநாட்டு வேலைக்குப் போனார். டிவியில் மாட்டி ஆடுகிற கார் பந்தயப் பெட்டியை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். கூடவே ஒரு ஸ்டீயரிங், காலால் மிதிக்கப் பெடல்.

"குழந்தைங்க சமாச்சாரம்" என்று ஒதுக்கி வைத்தேன். தூசி தட்டுகிற சாக்கில் ஒரு நாள் தொட்டேன். அதோடு என் பொழுது அதற்கே போயிற்று.

சொன்னால் நம்பமாட்டீர்கள். அந்தப் பெட்டிக்குள் ஒரு பட்டறை இருக்கிறது. வெறும் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தலாம். இன்ஜினைக் கழற்றி வேறு மாட்டலாம். கியரை மாற்றலாம். ஸ்பிரிங்கை இறுக்கலாம், தளர்த்தலாம். டயரில் எவ்வளவு காற்று என்பதுகூட நம் இஷ்டம். கொஞ்சம் காற்றை இறக்கினால் வளைவில் வண்டியின் நடையே மாறுகிறது. இல்லாத டயர். இல்லாத காற்று. ஆனால் கணக்கு சுத்தம். இதைச் செய்தவன் எவனோ, அவன் எதிரே வந்தால் எழுந்து நிற்பேன். நான் முதலாளிக்கே எழுந்து நின்றதில்லை.

அதற்குள்ளேயே ஒரு கடைத்தெருவும் உண்டு. உலகம் முழுக்க ஆடுகிறவர்கள் தாங்கள் கோர்த்து முடுக்கிய வண்டிகளை அங்கே வைப்பார்கள். பந்தயத்தில் சேர்த்த புள்ளியைக் கொடுத்து வாங்கலாம். வாங்கு, உட்கார், ஓட்டு. ஸ்பேனர் எந்தப் பக்கம் திரும்பும் என்றுகூடத் தெரிய வேண்டாம். அப்படி வாங்குகிறவர்களை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இப்படி நிம்மதியாக இருந்தபோதுதான் எங்கள் வாசல் தூண் என் நிஜக் காரில் வந்து இடித்தது.

மனைவி வெளியே வந்தாள். துணி தைப்பதும், ஊரார் துணியை அவரவர் உடம்புக்குத் தகுந்தபடி ஆல்டர் செய்வதும் அவள் தொழில். உதட்டில் குண்டூசி.

"தூண் எப்ப நகர்ந்துச்சு?"

"வெயில் கண்ணுல அடிச்சிடுச்சு."

"மேகமா இருக்கு."

"மேகத்துக்குப் பின்னாடி வெயில்தானே இருக்கு."

"ஏங்க, ரெண்டு கண்ணுலயும் புரைன்னு டாக்டர் சொல்லி எவ்வளவு காலமாச்சு? ஆபரேஷன் பண்ணிட்டா முடிஞ்சுது. நாளைக்கு ஒரு மனுஷனை இடிச்சுட்டு, அவன்தான் நகர்ந்து வந்தான்னு சொல்வீங்களா?"

கண்ணுக்குள் கத்தி. அந்த நினைப்பு வந்தாலே எனக்குப் பயம். இதை அவளிடம் சொல்ல முடியுமா? தொழிற்சாலையையே நடுங்க வைத்தவன்.

"என் கண்ணுக்கு ஒரு கேடும் இல்ல. உள்ள வந்து நான் ஓட்டறதைப் பாரு."

"டிவியிலயா?"

"டிவியில மட்டும் வளைவு இல்லயா? கண்ணை மூடிக்கிட்டா ஓட்டறேன்?"

அவள் குண்டூசியை உதட்டிலிருந்து எடுத்து முந்தானையில் குத்தினாள். குண்டூசியை எடுத்தால் பேச்சு நீளும். நான் அப்போதே உள்ளே போயிருக்க வேண்டும்.

"சரி, அதுலயே பாத்துடலாம். நான் ஒரு சுத்து. நீங்க ஒரு சுத்து. நீங்க ஜெயிச்சா இனிமே ஆபரேஷன் பேச்சை எடுக்கமாட்டேன். நான் ஜெயிச்சா மறுபேச்சு இல்லாம ஆஸ்பத்திரிக்கு வரணும்."

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"தையல் மிஷின் ஓட்டறேன். அதுலயும் பெடல்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்குச் சிரிப்பு வருவது அபூர்வம்.

"ஒரு நிபந்தனை. சொந்தமா செஞ்ச வண்டியா இருக்கணும். கடை வண்டி எடுத்தவங்க தோத்தவங்க."

"எனக்கா, உங்களுக்கா?"

"ரெண்டு பேருக்கும்."

"தூண் மேல சத்தியமா?"

"சத்தியம்" என்றேன். தூணைத் தொட்டும் காட்டினேன்.

நடுவர், மாடிவீட்டு பஸ் டிரைவர். நல்ல பிள்ளை. என்னை அண்ணே என்பான், அவளை அக்கா என்பான். பந்தயம் ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று.

வேலையை ஆரம்பித்தேன். என் வண்டி என் வண்டியாக இருந்தது. இன்ஜின் உறுமியது. நேர்பாதையில் பறந்தது. ஒரே ஒரு சிக்கல். பாதையில் ஒரு பாலம் வரும். பாலம் தாண்டி ஒரு வளைவு. மற்ற வளைவெல்லாம் சொல்லிவிட்டு வரும். இது மட்டும் திடீரென்று வரும். ஒவ்வொரு முறையும் சுவரில் போய் ஒட்டினேன். ஸ்பிரிங்கை இறுக்கினேன். சுவர். தளர்த்தினேன். சுவர். இன்ஜினையே மாற்றினேன். முன்பைவிட வேகமாகப் போய்ச் சுவர்.

மாடிப்படியில் பஸ் டிரைவர் எதிர்ப்பட்டான்.

"அண்ணே, வண்டி எப்படி?"

"பிரமாதம்."

"நானும் வீட்டுல ஆடறேன்ணே. எனக்கு உங்களாட்டம் செய்யத் தெரியாது. மத்தியானம் செஞ்ச வண்டிதான் வாங்குவேன்."

"மத்தியானம் செஞ்சா என்ன, காலையில செஞ்சா என்ன?"

"அது ஆள் பேருண்ணே. விளையாட்டுல வெச்சுக்கற பேரு. கடைத்தெருவுல போய்ப் பாருங்க, பாதி ஜனம் அந்த ஆள் வண்டியிலதான் ஓடுது. புதுசா ஒண்ணு வந்திருக்கு. பாலத்து வளைவுல சும்மா வழுக்கிக்கிட்டுப் போகுதாம்."

"நான் கடை வண்டியைத் தொடமாட்டேன்."

"தெரியும்ணே. சும்மா சொன்னேன்."

நானும் சும்மாதான் கேட்டேன். சும்மா வீட்டுக்குள் போனேன். மனைவி துணி கொடுக்க வெளியே போயிருந்தாள். சும்மா கடைத்தெருவைத் திறந்தேன். வேடிக்கை பார்ப்பது தப்பில்லை. அந்த வண்டி முதல் வரிசையிலேயே நின்றது. கீழே ஏதோ எழுதியிருந்தது. எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. விளம்பரமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வாங்கினேன்.

ஓட்டினேன்.

எப்படிச் சொல்வது? பாலத்தைத் தாண்டினேன். வளைவு வழக்கம்போல் திடீரென்று வந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்ற மாதிரி அடங்கி, மூக்கைத் திருப்பி, சுவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அந்தப் பக்கம் எழுந்து ஓடியது. என் கால் எப்போது மிதிக்கும், என் கை எவ்வளவு தாமதமாகத் திரும்பும், எல்லாம் அந்த வண்டிக்குத் தெரிந்திருந்தது. நாற்பது வருஷம் அளவு பார்த்தவன் நான். இப்படி அளவெடுத்துச் செய்த பொருளை நான் கண்டதில்லை. அந்த மத்தியானம் எவனோ, பெரிய ஆள். பட்டறையில் எண்ணெய்க் கையோடு, யாரிடமும் பேசாமல், முரடனாக உட்கார்ந்திருப்பான். என்னை மாதிரி.

வண்டிக்கு என் பச்சை நிறத்தை அடித்தேன். பெயரை மாற்றினேன். இனி அது என் வண்டி. பிறர் வீட்டில் பிறந்தால் என்ன, நான் வளர்க்கிறேன்.

ஞாயிறு வந்தது. பஸ் டிரைவர் எங்கள் முன்னறையில் நாற்காலி போட்டு நடுவில் உட்கார்ந்தான்.

முதலில் அவள். தானே செய்ததென்று ஒரு வெள்ளை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். ஸ்டீயரிங்கைத் தொட்ட விதத்திலேயே எனக்கு நெஞ்சில் ஏதோ தட்டியது. சட்டைக் கைப்பட்டையை மிஷினில் திருப்புகிற மாதிரி வளைவுகளைத் திருப்பினாள். அவசரம் இல்லை. நடுக்கம் இல்லை. பாலத்து வளைவு அவளுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தது. நான் வாயைத் திறந்தபடி நின்றேன். இத்தனை வருஷம் இவளோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன்.

"அக்கா, ரூட் பஸ்ஸுக்கு வந்துடறீங்களா?" என்றான் அவன்.

"ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிறுத்தி மாளாது தம்பி."

அடுத்து நான். பச்சை வண்டி. அது என்னைக் கைவிடவில்லை. பாலம், வளைவு, கும்பிடு, ஓட்டம். மயிரிழையில் அவளை முந்தினேன்.

"அண்ணன் ஜெயிச்சாச்சு" என்றான் நடுவர்.

நான் எழுந்து நின்றேன். "கண்ணு எப்படி?" என்றேன்.

அவள் முகம் வாடவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"ஒத்துக்கறேன். நல்ல வண்டி. நீங்களே செஞ்சதா?"

"பின்ன?"

"முன் டயர்ல காத்து கொஞ்சம் அதிகமோன்னு தோணுது. இறக்கிக் காட்டுங்களேன். நானும் கத்துக்கறேன்."

இதில் என்ன இருக்கிறது. பட்டறையைத் திறந்தேன். டயருக்குப் போனேன். திரையில் ஒரு பூட்டுப் படம் வந்தது. ஸ்பிரிங்குக்குப் போனேன். பூட்டு. கியர். பூட்டு. கடையில் வாங்கிய வண்டியை ஓட்டலாம், உள்ளே கை வைக்க முடியாது. செய்தவன் பூட்டிவிட்டு விற்பான். நான் இதுவரை வாங்கியதில்லையே, எனக்கு எப்படித் தெரியும்?

"என்னண்ணே, உங்க வண்டி உங்களுக்கே திறக்கமாட்டேங்குது?"

"பெட்டி சூடாயிடுச்சு."

"தள்ளுங்க" என்றாள் மனைவி. ஸ்டீயரிங்கிலிருந்த பொத்தான்களை மளமளவென்று அழுத்தினாள். என் பெயர் போய் வேறொரு பெயர் வந்தது. மத்தியானம். அதே வண்டி, பச்சை அடிப்பதற்கு முந்தைய உருவத்தில், வந்து நின்றது. டயர் திறந்தது. ஸ்பிரிங் திறந்தது. கியர் திறந்தது. தன் வீட்டுப் பீரோவைத் திறக்கிற மாதிரி எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் உட்கார்ந்தேன். எண்ணெய்க் கை முரடன் என் மனதிலிருந்து எழுந்து போனான்.

"நீயா?"

"மத்தியானத்துல நீங்க குறட்டை விடுவீங்க. மிஷின் சத்தம் போட்டா எழுந்துடுவீங்க. இது சத்தமில்லாத வேலை."

"பாதி ஜனம் ஓட்டறது…"

"என்கிட்ட வர்றவங்க என்ன சொல்லுவாங்க? இடுப்புல பிடிக்குது, தோள்ல தொங்குது. இதுவும் அதான். அவங்கவங்க ஓட்டற தினுசுக்குப் பிடிச்சும் விட்டும் குடுத்தேன்."

"இது யாருக்கு?"

"தம்பி, வண்டிக்குக் கீழ எழுதியிருக்கறதைப் படிப்பா. அண்ணனுக்கு அந்த எழுத்து தெரிஞ்சிருக்காது."

அவன் படித்தான். "'வளைவு பக்கத்தில் வந்த பிறகே கண்ணுக்குத் தெரிகிறவர்களுக்காகச் செய்தது. பார்வை சரியாக உள்ளவர்கள் வாங்க வேண்டாம். பின்தங்குவீர்கள்.'"

"பொய்" என்றேன். "வண்டி எல்லாருக்கும் வண்டிதான்."

"அப்ப தம்பி ஓட்டட்டும்."

பஸ் டிரைவர் உட்கார்ந்தான். தினமும் நிஜ ரோட்டில் ஓட்டுகிறவன், வளைவைத் தூரத்திலேயே பார்த்துப் பக்குவமாக பிரேக்கை மிதித்தான். வண்டி வளைவுக்கு வெகு முன்னாலேயே படுத்துவிட்டது. மறுபடி எழுப்பி, நகர்த்தி, மறுபடி மிதித்து, மறுபடி படுத்து, பயணிகளை ஏற்றி இறக்குகிற மாதிரிப் போய்ச் சேர்ந்தான்.

"நமக்கு ஆகலக்கா. பிரேக் ரொம்பப் பிடிக்குது. நேர்ல வேகமும் இல்ல."

"நேர்ல இருந்த வேகத்தை எடுத்துத்தான் பிரேக்குல போட்டேன். அவர் ஓட்டினதெல்லாம் பெட்டியில பதிவா இருக்கு. போட்டுப் போட்டுப் பாத்தேன். எல்லா வளைவுலயும் ஒரே மாதிரி தாமதம்." என் பக்கம் திரும்பினாள். "சட்டை தைக்கறப்ப உங்க இடது தோள் இறக்கத்துக்கு வெட்டித் தைக்கறேன்ல. அது மாதிரிதான்."

"எனக்குத் தோள் இறக்கமா?"

"முப்பது வருஷமா."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் கண்ணை ஒரு மிஷினும் வைக்காமல், நான் சுவரில் முட்டியதை வைத்தே அளந்திருக்கிறாள். அளந்து ஒரு வண்டியே செய்திருக்கிறாள். தொழிற்சாலையில் இப்படி ஒருத்தி இருந்திருந்தால் நான் எதையும் திருப்பி அனுப்பியிருக்கமாட்டேன். என்னைத்தான் அனுப்பியிருப்பார்கள்.

கடைசியாக ஒன்று இருந்தது. பிடித்துக்கொண்டேன். "நான் இதை வாங்குவேன்னு உனக்கு எப்படித் தெரியும்? யாரும் சொல்லலைன்னா நான் கடைத்தெருப் பக்கமே…"

பஸ் டிரைவர் கூரையைப் பார்த்தான். "நீங்கதானே மாடிப்படியில வெச்சு சொல்லச் சொன்னீங்கக்கா" என்றான், கூரையிடம்.

"ஏம்ப்பா, நீ நடுவர் இல்ல?"

"நடுவர்தாண்ணே. அதான் தீர்ப்பும் சொல்லணும். கடை வண்டி எடுத்தவங்க தோத்தவங்கன்னு நீங்கதான் சொன்னீங்க."

"ஜெயிச்சேனே."

"ஜெயிச்சதுதான் சாட்சி" என்றாள் அவள். "இந்த வண்டியில நல்ல கண்ணு இருக்கறவங்க யாரும் ஜெயிக்க முடியாது." பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரல் இறங்கியது. "மரத்துப் போக மருந்து விடுவாங்க. வலிக்காது. நான் கேட்டுட்டேன். நான் வெளியிலயே உக்காந்திருப்பேன்."

அந்தப் பயத்தை நான் அவளிடம் சொன்னதே இல்லை. அதையும் அளந்து வைத்திருக்கிறாள்.

பஸ் டிரைவர் எழுந்தான். போகிறபோது அக்கறையாகக் கேட்டான். "எந்தக் கண்ணுண்ணே மொதல்ல பண்றாங்க?"

"அவளைக் கேளு" என்றேன்.