ஆய்வுக்கூடத்துத் தண்ணீரை மிச்சம் பிடித்தது பற்றி மாமாவுக்கு

ரிங்லெட்,
1982 மார்ச், வெள்ளிக்கிழமை

என்றும் என் மரியாதைக்குரிய மாமா பழனியப்பன் அவர்களுக்கு, மருமகன் செல்வராஜு வணங்கி எழுதுவது. இங்கு நானும் தங்கள் மகள் பரமேஸ்வரியும் சுகம். அங்கு தாங்களும் அத்தையும் அதே சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாப்பாவிலிருந்து தாங்கள் அனுப்பிய வாழைத்தார் பத்திரமாக வந்து சேர்ந்தது. இந்த மலைக்குளிரில் அது பழுப்பதா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

ஈப்போவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கூட உதவியாளர் வேலை காலியாயிருப்பதாகவும், தலைமையாசிரியர் தங்களுக்குப் பழக்கமானவர் என்றும், சரி அல்லது இல்லை என்று ஒரே வரியில் உடனே பதில் எழுதும்படியும் கேட்டிருந்தீர்கள். ஒரே வரியில் பதில்: இல்லை. இந்தத் தோட்டத்து ஆய்வுக்கூடம் தண்ணீரை வீணாக்குவதை நிறுத்தும்வரை நான் மலையைவிட்டு இறங்குவதாக இல்லை. வரி முடிந்தது. இனி வருவதெல்லாம் காரணம்.

எங்கள் ஆய்வுக்கூடம் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் தகரக் கூரைக் கட்டடம், தாங்கள் பார்த்ததுதான். மண்ணையும் இலையையும் சோதித்து எந்த மலைக்கு எந்த உரம் போடலாம் என்று சொல்வது அதன் வேலை. அதிகாரி பதவி வெகுநாளாகக் காலியாக இருக்கிறது. உதவியாளர் பதவியில் நான் இருக்கிறேன். ஆகவே யாருக்கு உதவுகிறேன் என்று தெரியாமலேயே உதவிக்கொண்டிருக்கிறேன். சோதனைகளுக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது, காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும். அதற்கென்று ஒரு மெஷின் உண்டு. அது தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆவியை ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் அனுப்பி, அந்தக் குழாயைச் சுற்றிப் பச்சைத் தண்ணீரை ஓடவிட்டுக் குளிர வைத்து, சுத்தமான நீரைச் சொட்டுச் சொட்டாகத் தருகிறது. ஒரு போத்தல் சுத்த நீர் நிறைவதற்குள், சுற்றி ஓடிய தண்ணீர் ஒரு குடும்பம் குளித்துத் துவைத்துச் சமைக்கும் அளவுக்குக் கால்வாயில் போய்விடும். அந்தத் தண்ணீர்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஒரு கண்ணாடிக் குழாயின் பக்கமாக நடந்துபோனதைத் தவிர அது வேறொன்றும் செய்யவில்லை.

மழை பெய்துகொண்டிருந்தவரை இதை யாரும் கவனிக்கவில்லை. இந்த வருடம் வெயில் நீண்டுவிட்டது. மலைமேல் இருக்கும் தொட்டி பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. தொட்டித் தண்ணீர் முதலில் தொழிற்சாலைக்கு, பிறகு ஆய்வுக்கூடத்துக்கு, மிச்சமிருந்தால் எங்கள் குவார்ட்டர்ஸுக்கும், தொழிலாளர்கள் குடியிருக்கும் மேல் லயம், கீழ் லயம் இரண்டுக்கும் என்பது வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப்போன ஏற்பாடு. அவன் போய்விட்டான், ஏற்பாடு பென்ஷன் வாங்காமல் வேலை பார்க்கிறது. ஒருநாள் காலை தங்கள் மகள் அரிசிப் பானையோடு ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"ஏங்க, வீட்டுப் பைப்புல காத்துதான் வருது. இங்க என்னடான்னா லோங்காங்கு, இந்தக் கால்வாயி, வயிறு முட்டக் குடிக்குது. நான் எங்க அரிசி களையறது?"

"இது ஆராய்ச்சிக்கு ஓடுற தண்ணி, பரமேஸ்."

"ஆராய்ச்சி பண்ணுற மண்ணுக்கு நல்ல தண்ணி, கட்டுன பொண்டாட்டிக்குக் காத்து. ரொம்ப அழகா இருக்கு. எங்கப்பா ஊரு முழுக்கப் பைப்பு போட்டாரு, மாப்பிள்ளையப் பாருங்க!"

தாங்கள் குழாய் வேலையிலேயே ஓய்வுபெற்றவர் என்பதை அவள் ஒருபோதும் என்னை மறக்கவிட்டதில்லை. அன்றே முடிவு செய்தேன். நேராக மேனேஜர் கனகராஜ் துரையிடம் போனேன். இவரும் நம்மவர்தான். பாட்டன் இதே மலையில் கொழுந்துக்கூடை சுமந்தவர். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரெல்லாம் துரை. விஷயத்தைச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்ல ஐடியா லா, செல்வராஜு. தண்ணிய மிச்சம் புடி. ஆனா எங்கிட்ட டுயிட்டு, காசு கேக்கக்கூடாது, ஆளு கேக்கக்கூடாது, மெஷின நிறுத்தக்கூடாது. மத்தபடி என் ஃபுல் சப்போர்ட் ஒனக்குத்தான்."

மற்றபடி என்று மிச்சமிருந்தது நான் ஒருவன்தான். ஆதரவு ஆதரவுதான்.

முதலில், சுற்றி ஓடும் தண்ணீரைப் பாதியாகக் குறைத்தேன். மெஷின் அதைக் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டது. பிறகு குளிராத ஆவி மொத்தமும் சன்னல் வழியாக வெளியேறியது. நம் காவல்காரர் கடமை தவறாதவர். ஆய்வுக்கூடம் எரிகிறது என்று கூவிக்கொண்டு ஓடிவந்து, மணல் வாளிகளை விட்டுவிட்டுத் தண்ணீர் வாளிகளை மட்டும் தேர்ந்தெடுத்து ஊற்றி, அது போதாதென்று தொழிற்சாலை ஹோஸையும் இழுத்துவந்து என்மேலும் நான் உலர வைத்திருந்த மண்மேலும் அடித்தார். அன்று நான் மிச்சம் பிடித்தது ஒரு குடம். என்னை அணைக்கச் செலவானது தொட்டியில் ஒரு சாண்.

அடுத்தது மழைநீர். மெஷினே வேண்டாம், கூரையில் விழும் மழையைப் பிடித்து வடிகட்டினால் போதும் என்று ஒரு தகர டிரம்மைக் கூரைக்குக் கீழே வைத்துக் காத்திருந்தேன். வெயில் காலத்தில் மழைக்குக் காத்திருந்ததைப் பற்றி லயத்தில் என்ன பேசினார்கள் என்பதை எழுத விரும்பவில்லை. ஆனால் மழை வந்தது. தொழிற்சாலையிலிருந்து பறந்துவந்து கூரைமேல் மெத்தைபோல் படிந்திருந்த தேயிலைத் தூள் முழுவதையும் கழுவிக்கொண்டு டிரம்முக்குள் இறங்கியது. நல்ல நிறம், நல்ல மணம். பஞ்சு வைத்து வடிகட்டினேன், மணம் கூடியது. அந்த நீரில் கரைத்துச் சோதித்த மண்ணெல்லாம், ஆற்றோர மணல் உட்பட, வளமான மண் என்று முடிவு வந்தது. துரை மகிழ்ந்துபோய் உரத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டார். அந்த உத்தரவைத் திரும்பப் பெறவைக்க நான் பட்ட பாடு தனிக் கடிதத்துக்கு உரியது. டிரம்மில் மிச்சமிருந்ததை கேண்டீன்காரர் பால் ஊற்றிப் பார்த்துவிட்டு, சக்கரை போதாது என்றார்.

அதன் பிறகுதான் சரியான வழி தோன்றியது. கால்வாய்க்குப் போகும் தண்ணீரை டிரம்மில் பிடித்து, ரப்பர் குழாய் வழியாகக் கீழ் லயத்துப் பொதுப் பைப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டேன். தண்ணீர் வந்தது. காலையிலிருந்து மெஷின் நிற்கும்வரை தடையில்லாமல் வந்தது. லயத்திலேயே முதல் ஆளாக எழுந்திருக்கும் மணியம்மா கையை நீட்டிப் பார்த்துவிட்டு, கூவிய கூவலில் எல்லாக் கதவும் திறந்தது.

"அடியேய், வெந்நீரு! பைப்புலேருந்து வெந்நீரு வருதுடி!"

மாமா, ஆவியின் சூட்டை வாங்கிக்கொண்டு வரும் தண்ணீர் சூடாகத்தான் வரும் என்பது விஞ்ஞானம் படித்த எனக்குத் தெரிந்ததுதான். பல் கிடுகிடுக்கும் இந்த மலையில் அதற்கு என்ன பொருள் என்பதுதான் தெரியாமல் போயிற்று. விறகு பொறுக்கி, கண் எரிய ஊதி, ஆளுக்கு அரை வாளி காயவைத்துக் குளித்தவர்கள் அவர்கள். முதல் நாள் குடங்கள் வந்தன. மறுநாள் குடங்களுக்குப் பின்னால் ஆட்கள் வந்தார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை தலையிலிருந்து எண்ணெய் வழிய, கையில் சீயக்காய்க் கிண்ணத்தோடு லயமே ஆய்வுக்கூடத்து வாசலில் நின்றது. அன்று எனக்குச் சோதிக்க மண் இல்லை. மெஷினை நிறுத்தியிருந்தேன்.

"ஐயா, மெஷினு போடுங்க."

"இன்னிக்கு வேலை இல்லம்மா. வடிநீர் நிறைய இருக்கு."

"ஒங்க வடிநீரு யாருக்கு வேணும்? எண்ணெய் வச்சிட்டு நிக்கிறோம், இந்தக் குளிருல. புள்ளைங்களுக்கு சளி புடிச்சா நீங்களா பாப்பீங்க?"

எண்ணெய் வைத்த தலையைத் தண்ணீர் ஊற்றாமல் திருப்பி அனுப்பும் துணிச்சல் எந்த விஞ்ஞானிக்கு இருக்கும்? மெஷினைப் போட்டேன். சனிக்கிழமை ஆண்கள் என்றும் செவ்வாய், வெள்ளி பெண்கள் என்றும் முறை பிரித்துக்கொண்டார்கள். தொழிற்சங்கத்து மாடசாமி வந்து, நெருக்கமாக இருக்கிறது, காலையில் இன்னும் கொஞ்சம் முன்னதாகவே மெஷினைப் போட வேண்டும், இது தொழிலாளர் நலன் என்றார். மறுத்தால் அடுத்த கூட்டத்தில் பேசுவதாகவும் சொன்னார்.

இதில் மெஷின் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை யாரும் கேட்கவில்லை. அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. வடிநீர் சொட்டிக்கொண்டே இருந்தது. ஆய்வுக்கூடத்துப் போத்தலெல்லாம் நிறைந்தது. தங்கள் மகளின் ஊறுகாய் ஜாடிகள் நிறைந்தன. லோரி பேட்டரிக்கு ஊற்றலாமே என்று ரிங்லெட்டில் நின்ற லோரிக்கெல்லாம் ஊற்றினேன். இப்போது போத்தலோடு நான் வருவதைக் கண்டால் டிரைவர்கள் லோரியைக் கிளப்பிவிடுகிறார்கள். வேறு வழியில்லாமல் வடிநீரைக் கால்வாயில் கொட்டத் தொடங்கினேன். ஒரு போத்தல் வடிநீருக்காக ஒரு வீட்டுக் குளியலைக் கால்வாயில் விட்டுக்கொண்டிருந்த ஆய்வுக்கூடம், இப்போது ஒரு வீட்டுக் குளியலுக்காக வடிநீரைக் கால்வாயில் விடுகிறது. இதற்கு மின்சாரமும் இருமடங்கு. தொட்டி முன்னைவிட வேகமாக இறங்கி, இந்த வாரம் மேல் லயத்துப் பைப்பில் காற்றும் நின்றுவிட்டது.

ஆனால் நான் மனம் தளரவில்லை. தீர்வு தெளிவாக இருக்கிறது. மெஷினைச் சுற்றிய தண்ணீரை வெளியே விடாமல் டிரம்முக்கே திருப்ப வேண்டும். டிரம்மை நிழலில் வைத்தால் இந்த மலைக்குளிரே அதை ஆற்றிவிடும். ஒரு சின்னப் பம்பு அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடும். மெஷின் தேவைக்கு மட்டும் ஓடும். கால்வாய் காயும், தொட்டி நிறையும், இரண்டு லயத்துக்கும் நாள் முழுவதும் தண்ணீர் வரும். இதை மணியம்மாவிடம் பொறுமையாக விளக்கினேன்.

"வர்ற தண்ணி சுடுமா?"

"சுடாது. ஆனா எல்லா வீட்டுக்கும் வரும்."

"இவ்வளவு பாடுபட்டுத் தண்ணிய மிச்சம் புடிச்சி என்ன லா செய்யப் போறீங்க? கடைசில குளிக்கத்தானே?"

கடைசியில் குளிக்கத்தான் என்று ஒப்புக்கொண்டேன். இருந்தாலும் மேல் லயத்தில் அரிசி களைய முடியாமல் இருப்பவர்களும் மனிதர்கள்தான். திங்கட்கிழமை காலை, எத்தனை எண்ணெய்த் தலைகள் வந்து நின்றாலும், அந்த ரப்பர் குழாயை நானே கழற்றுவேன். திட்டுவார்கள். மாடசாமி கூட்டத்தில் பேசுவார். பேசட்டும். ஈப்போவுக்குப் போனால் இந்தக் கால்வாய் என் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆகவே தங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். தங்கள் வீட்டுப் பின்கட்டில் கிடக்கும் பழைய பம்புகளில் ஓடக்கூடியது ஒன்றை, மலைமேல் கோலா தெர்லாவிலிருந்து கொண்டுவந்த முட்டைக்கோஸை அங்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லோரியில் ஏற்றிவிடவும். தலைமையாசிரியரிடம் என் நன்றியைச் சொல்லி, அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லவும்.

அத்தைக்கு என் வணக்கம். தங்கள் மூட்டுவலி குறைந்து, தங்கள் கையால் போட்ட குழாய்களைப்போல தாங்கள் இருவரும் கசிவில்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும். தங்கள் ஆசி எங்களுக்கு எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்
செல்வராஜு

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் துரை வந்தார். இந்த ஆய்வுக்கூடம் வீணாகும் தண்ணீரை மக்களுக்குக் கொடுக்கும் செய்தி கோலாலம்பூர் தலைமை அலுவலகத்துக்கு எட்டிவிட்டதாம். அடுத்த வாரம் பெரியவர்கள் பார்க்க வருகிறார்கள். தண்ணீரை நாம் எப்படி மிச்சம் பிடிக்கிறோம் என்று அவர்களுக்குக் காட்ட வேண்டுமென்றால், முதலில் அது வீணாகிக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா? ஆகவே ரப்பர் குழாயில் கை வைக்கக் கூடாது, மெஷின் பகல் முழுவதும் ஓட வேண்டும் என்று உத்தரவு. மேல் லயத்தையும் மறந்துவிடவில்லை. அவர்களுக்கென்று இதைவிடப் பெரிய மெஷின் ஒன்றுக்கு துரை ஆர்டர் கொடுத்திருக்கிறார். தாங்கள் பம்பு தரப்போவதைச் சொன்னேன். மிகவும் சந்தோஷப்பட்டார், புது மெஷினுக்குத் தண்ணீர் ஏற்ற உதவும் என்றார். ஆகவே பம்பு அனுப்ப வேண்டாம். தலைமையாசிரியரிடமும் இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். அவருடைய ஆய்வுக்கூடத்தில் வடிநீர் மெஷின் உண்டா, உண்டென்றால் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று மட்டும் விசாரித்து எழுதவும். கால்வாய்க்குத்தான் போகிறது என்றால், எப்போது வந்து வேலையில் சேர வேண்டும் என்றும் கேட்டுவிடவும்.