பத்தாம் தேதி லாரி வேண்டாம்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்காள் புருஷன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் சௌகரியம். அங்கு நீயும் உன் மனைவியும் உன் லாரியும் சௌகரியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விஷயம் என்னவென்றால், வீடு மாற்ற வரும் பத்தாம் தேதி லாரி கொண்டுவரச் சொல்லியிருந்தேன் அல்லவா, வேண்டாம். அந்தக் கிராமத்து வீடு நமக்கு இல்லை. தப்பு யார்மேல் என்று நீயே படித்துச் சொல்.

இந்த வாடகை மாடியில் இருபத்தாறு வருஷம் ஓட்டிவிட்டோம். ஆணி அடித்தால் சுவர் விரிசல் விடும் என்பார் கீழ்வீட்டு உரிமையாளர். எங்கள் கல்யாணப் படம் இன்றுவரை பீரோ மேல் சாய்ந்துதான் நிற்கிறது. சொந்தச் சுவரில் ஒரே ஒரு ஆணி அடித்தால் போதும், அதற்குமேல் ஆசையில்லை என்பாள் உன் அக்கா. அப்போதுதான் அந்தக் கடன் திட்டம் கண்ணில் பட்டது. கிராமத்தில் வீடு வாங்கினால் வங்கி கடன் கொடுக்கும், அரசாங்கம் ஜாமீன் நிற்கும். சம்பளம் வாங்குகிறவள் அவள் என்பதால் கடன் அவள் பேரில். விற்கிறவர் பத்தாம் தேதிவரைதான் காத்திருப்பேன் என்று சொல்லிவிட்டார். விண்ணப்பம் பதினோரு பக்கம். உன் அக்கா எல்லாவற்றையும் படித்தாள். நான் முதல் பக்கம் படித்தேன்.

வீட்டைப் பார்வையிட அரசாங்க அதிகாரி ஒருவர் துணி டேப்போடு வந்தார். அவள் வேலைக்குப் போயிருந்தாள், நான்தான் சுற்றிக் காட்டினேன். முப்பது வருஷம் மின்விசிறிக் கடையில் நின்று விற்றவன் நான். எதிரே நிற்பவரிடம் பொருளின் குறையைச் சொல்ல எனக்கு நாக்கே வளையாது. பஸ் நிறுத்தம் இரண்டு நிமிஷ நடை என்றேன், எதிரே பெரிய கடைவளாகம் வருகிறது என்றேன், சாலை நான்கு வழியாகப் போகிறது என்றேன். ஒன்றும் நிஜமில்லை, ஆனால் சொல்லச் சொல்ல எனக்கே வீடு பிடித்துப்போயிற்று. கடைசியாக, "இன்னும் ஒரே வருஷம் சார், இதை யாருமே கிராமம்னு சொல்ல மாட்டாங்க" என்றேன். அவர் சட்டென்று நின்று பேனாவை எடுத்தார். கடையில் பேனாவை எடுத்தால் வியாபாரம் முடிந்தது என்று அர்த்தம். நான் வழியெல்லாம் விசில் அடித்துக்கொண்டு வந்தேன்.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. இடம் கிராமம்தானா என்று சந்தேகமாக இருக்கிறதாம், மறுபடி பார்க்க வருகிறார்களாம். உன் அக்கா விண்ணப்பத்தின் ஏழாம் பக்கத்தை என் முன்னால் வைத்தாள். நகரமாகப் போகிற இடத்துக்குக் கடன் கிடையாது என்று போட்டிருந்தது. சரி, கிராமம்தானே வேண்டும், காட்டிவிட்டால் போகிறது என்று அந்த ஊரில் பக்கத்து வீட்டுக்காரரிடம் கெஞ்சிப் பதினோரு ஆடும் ஒரு கூடைக் கோழியும் வாங்கி வந்து வாசலை நிரப்பினேன். அதிகாரி வந்தார். அவர் முன்னறையை அளக்கக் குனிந்தபோது ஓர் ஆடு டேப்பின் முதல் மூன்று அங்குலத்தைத் தின்றுவிட்டது. அதன்பிறகு எல்லா அறையும் மூன்று அங்குலம் பெரிதாகவே வந்தது, நானும் மறுக்கவில்லை. இதெல்லாம் யாருடையது என்று கேட்டார். நம்முடையதுதான், முட்டை மட்டும் வாரம் இரண்டு வண்டி போகிறது என்றேன். அவர் மறுபடி பேனாவை எடுத்தார். வீட்டில் வியாபாரம் நடந்தாலும் கடன் கிடையாது என்பது எட்டாம் பக்கத்தில் இருக்கிறதாம். ஏழாம் பக்கத்தைக் காட்டியவள் அதையும் திருப்பிக் காட்டியிருக்கலாம்.

அந்த நேரம் பார்த்து உன் அக்கா அரைநாள் விடுப்புப் போட்டு, பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஆடுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நேரே அவரிடம் போனாள்.

"சார், இவர் சொன்னது எதுவும் நிஜமில்லை. ஆடு பக்கத்து வீட்டோடது. பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நடக்கணும். சமையலறை மூலை ஒழுகுது, பின்கதவு மூடாது. நாங்க ரெண்டு பேரு குடியிருக்கத்தான் கேக்குறோம்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். விற்கிற இடத்தில் நின்றுகொண்டு இப்படியா ஒழுகல்வரை சொல்லுவார்கள்? அதிகாரி அதையும் எழுதிக்கொண்டு போனவர்தான், அதற்கப்புறம் பேச்சு மூச்சு இல்லை.

இதில் எனக்குப் பயமாக இருப்பது வேறு ஒன்று. நான்கு நாட்களாக உன் அக்கா என்னைத் திட்டவே இல்லை. நேற்று பாத்திரம் கழுவும்போது பாட்டு வேறு முணுமுணுத்தாள். துக்கம் தலைக்கேறிவிட்டது என்று நினைக்கிறேன். எனக்குச் சோறு இறங்கவில்லை, மாப்பிள்ளை. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், அதையும் பேசியே கெடுத்துவிட்டேன்.

உனக்கும் உன் மனைவிக்கும் என் ஆசிகள். லாரிக்கு வேறு சவாரி பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அக்காள் புருஷன்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா எழுதுவது. தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தார், ஒட்டுவதற்கு முன் படித்துவிட்டேன். கடன் அனுமதியாகி நான்கு நாள் ஆகிறது. கடிதம் என் வேலையிடத்துக்கு வந்தது. ஒழுகலையும் பின்கதவையும் சரிசெய்யச் சொன்னார்கள், விற்கிறவர் செய்துகொடுத்துவிட்டார். இவரிடம் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வருகிறேன் என்று அந்த அதிகாரியிடம் கிளம்பிவிடுவார். நாளை கையெழுத்து. சாவி வந்ததும் முதலில் இவர் கையில்தான் கொடுப்பேன், பாவம், சரியாகச் சாப்பிட்டே நாலு நாள் ஆகிறது. பத்தாம் தேதி காலையிலேயே லாரியோடு வந்துவிடு. வரும்போது ஒரு சுத்தியல் கொண்டுவா. எங்களிடம் அது இருந்ததே இல்லை.