பரிபூரணம் பாஸ்

மடவார் வளாகத்துக் கல்யாண மண்டபத்தில் நடந்த மறதிநோய்ப் பரிசோதனை முகாமில், கடைசி மேஜையைச் சுற்றி இருந்தவர்கள்: கேள்வி கேட்கும் டாக்டரம்மா, மார்க் போடும் நர்ஸ் ஜாஸ்மின், ராஜபாளையம் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற சுயம்புலிங்கம், அவர் மனைவி பரிபூரணம், இருவரையும் காரில் கூட்டிவந்த மகன் சிவபாண்டி.

சில மாதங்களாக வீட்டில் கேஸ் அணையாமல் எரிகிறது, மோட்டார் நிற்காமல் தெரு நனைகிறது. பழி சுயம்புலிங்கம் தலையில். ஃபெயிலானால் வீட்டைப் பூட்டிவிட்டு மகன் வீட்டு மாடி அறைக்குப் போக வேண்டும். அவருக்கு அது ஜெயில்.

“ஐயா, இன்னைக்கு என்ன கிழமை?”

அவர் மனைவியைப் பார்த்தார். “கிழமையெல்லாம் அவ பாத்துக்கிடுவா.”

“காலையில என்ன சாப்பிட்டீங்க?”

“அவ வச்சதை.”

“அது என்னது?”

“தட்டுல இருந்துச்சு.”

பரீட்சையில் பார்த்து எழுதுவதுபோல அப்பா அம்மாவையே பார்க்கிறார் என்று சிவபாண்டி அம்மாவின் நாற்காலியைத் திருப்பிப் போட்டான். நிலைமை இன்னும் மோசமானது.

“பேரப்பிள்ளைங்க எத்தனை?”

“ரெண்டு.”

“மூணுப்பா!”

“மூணாவது எப்பலே பொறந்துச்சு? எங்கிட்ட யாரும் சொல்லலயே!”

“ஸ்கூலுக்குப் போறான்ப்பா!”

டாக்டரம்மா பேனாவை வைத்தார். “அம்மாவையும் கேட்டுருவோம். இவரைப் பாத்துக்க ஆளு வேணும்ல. சொல்லுங்கம்மா, என்ன கிழமை?”

“அடுப்படியில கெடக்கவளுக்கு எல்லாக் கெழமையும் ஒண்ணுதான் தாயி. ஒருநா லீவு விடச் சொல்லுங்க, அதை ஞாபகம் வச்சுக்கிடுதேன்.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஜாஸ்மினும் சிரித்துக்கொண்டே மார்க் போட்டாள்.

“காலையில என்ன செஞ்சீங்க?”

“எதைப் பொங்கி வச்சாலும் தட்டைப் பாக்காமத் திங்குத மனுசன். வக்கணையா வேற செய்யணுமாக்கும்?”

மறுபடி சிரிப்பு. மறுபடி மார்க்.

“வீட்டுக்காரர் பேரு?”

பரிபூரணம் முந்தானையால் வாயை மூடினாள். “ஐயோ, அவிய பேரையா? நல்லாக் கேட்டிய போங்க!”

சுயம்புலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கட்டுன நாள்ல இருந்து சொன்னதில்ல டாக்டரம்மா. கோயில்ல அர்ச்சனைக்குக்கூட நாந்தான் சொல்லணும்.”

“அப்ப அதுக்கும் முழு மார்க். இந்த வயசுல என்ன தெளிவு! ஐயா, நீங்க ஃபெயில். ஆனா அம்மா இருக்காங்க, உங்க வீட்டுலயே இருக்கலாம். அவங்க சொல்றபடி கேளுங்க.”

சாயங்காலம் இருவரையும் ராஜபாளையத்து வீட்டில் இறக்கிவிட்டு சிவபாண்டி போய்விட்டான். தப்பித்தோம் என்று சந்தோஷப்படச் சுயம்புலிங்கத்தால் முடியவில்லை. ஊரே சிரித்தது, அவள் சொன்னதில் சிரிக்க என்ன இருந்தது? இத்தனை காலத்தில் அவளிடம் அவர் கேட்டதெல்லாம் காபி எங்கே, சட்டை எங்கே. நீ சாப்பிட்டாயா என்று கேட்டதாக ஞாபகமில்லை. அந்த மறதியை முதுமையின் கணக்கில் எழுத முடியாது.

இன்றைக்கு அவளுக்குத் தன் கையால் காபி போடுவோம் என்று அடுப்படிக்குள் நுழைந்து டப்பாக்களைத் திறந்தார். சீனி டப்பாவில் துணி சோப்பு இருந்தது. தூள் டப்பாவிலும் சோப்பு. அடுப்படி என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டார்.

உள்ளே வந்த பரிபூரணம் திடுக்கிட்டு நின்றாள். பிறகு மரியாதையாகச் சிரித்தாள். “என்ன வேணும் அண்ணாச்சி? இப்படி வெளிய வாங்க.”

கேலி செய்கிறாள் என்று அவருக்கு மனசு லேசானது. டாக்டரம்மா சொன்னபடியே அவள் பேச்சைக் கேட்டுப் பின்னால் நடந்தார். வாசல் படியும் இறங்கினார்.

“கோவிச்சுக்கிடாதீய. ஆம்பளை இல்லாத நேரம். அவிய மில்லுல இருந்து வரட்டும்,” என்றாள் பரிபூரணம். “யாரு வந்தாகன்னு சொல்லட்டும்?”

அவர் வாயைத் திறப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.