‘எல்லாரும் சுகம்’ என்று சொல்லி விசாவைக் கோட்டைவிட்டது

மதிப்பும், முளைத்த மட்டுக்கு மீசையும் உடைய மச்சான் காதிம் உசேனுக்கு,

மெல்பர்ன் டாண்டினாங்கிலிருந்து உன் அக்காள் புருஷன் நவ்ரோஸ் அலி எழுதுவது. நலம் விசாரிக்கவில்லையே என்று கோபிக்காதே. எனக்கு அகதி விசா போனதே அதனால்தான்.

மூன்று வருடம் முன்பு, என் அகதி மனுவை விசாரித்த தீர்ப்பாயத்தில் அதிகாரி, பாவம், மரியாதைக்காக, “வீட்ல எல்லாரும் எப்படி இருக்காங்க?” என்று கேட்டார். நம்மில் யார் அதற்கு உள்ளதைச் சொல்வோம்? குவெட்டாவில் உன் வீட்டுக் கூரை விழுந்த அன்று, இடிபாட்டில் நின்றுகொண்டே ‘எல்லாம் சுகம் அத்தான்’ என்றவன்தானே நீ. நானும், “எல்லாரும் சுகம், ஊரே சுகம்” என்றேன். பிறகு இரண்டு மணி நேரம், நம் ஊர்க் கஸ்னி சாலையில் தாலிபான்கள் பஸ்ஸை மறித்து என் தம்பியை இறக்கிக்கொண்டு போனதையும், அடுத்தது நான்தான் என்று கடைக்கதவில் ஒட்டிய கடிதத்தையும் சொல்லி அழுதேன். அவர் எழுதிவைத்தார்: ஊரே சுகம் என்று மனுதாரரே ஒப்புக்கொண்டார், ஆகவே ஆபத்தில்லை.

அந்த முடிவை எதிர்த்து நேற்று கோர்ட். நீதிபதி அம்மாவிடம் தம்பி கதையைச் சொல்லத் தொண்டையைச் செருமினேன். என் வக்கீல் ஹெலன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காருங்க. நீங்க அகதியா இல்லையான்னு இவங்க பாக்க மாட்டாங்க.”

“பின்ன எதைப் பாப்பாங்க?”

“அந்த அதிகாரி சட்டப்படி முடிவெடுத்தாரான்னு மட்டும்.”

“அப்ப நான் எதுக்கு வந்தேன்?”

“சும்மா இருக்க.”

இருந்தேன். பழைய விசாரணையின் ஒலிப்பதிவைப் போட்டார்கள். நானும் மொழிபெயர்ப்பாளரும் நாலு நிமிடம் மாறிமாறி நலம் விசாரிக்கிறோம். அவர் மாமனார் சுகமா, என் முதுகுவலி சுகமா, ஒன்று விடவில்லை. நீதிபதி அம்மா கன்னத்தில் கைவைத்துக் கேட்டார்.

“சுகம்னு அவரே சொல்லியிருக்காரே,” என்றார் அரசாங்க வக்கீல்.

“முதுகுவலியையும்தான் சுகம்னு சொல்றாரு,” என்றார் நீதிபதி அம்மா. “ அது பதில் இல்ல, மரியாதை. இதை ஆதாரமா எந்த அதிகாரியும் எடுத்துக்க முடியாது.”

முடிவு ரத்து. வென்றேன் மச்சான். விசாவா என்று குதிக்காதே. வென்றவனுக்குப் பரிசு, அதே தீர்ப்பாயத்தில் வேறொரு அதிகாரி முன்னால் முதலிலிருந்து சொல்வது. “அதுலயும் தோத்தா?” என்று ஹெலனைக் கேட்டேன். “திரும்ப இங்க வரலாம்,” என்றாள். நான் வேலை செய்யும் இறைச்சிக்கூடத்தில் மாடுகூட ஒரே தடவைதான் உள்ளே போகிறது. இருந்தாலும் இந்த முறை என் தம்பியைப் பற்றி ஒருவர் காதுகொடுத்துக் கேட்டாக வேண்டும், அல்லவா? ஒன்பது வருடமாக உன் வீட்டு மாடியில் எனக்காகக் காத்திருக்கும் உன் அக்காள் மசூமாவிடம் இதைச் சொல்.

பெரியவர்களின் கைகளுக்கும் சிறியவர்களின் நெற்றிக்கும் முத்தம். உனக்குக் கொஞ்சம் புத்தி கிடைக்கத் தொழுகையில் வேண்டிக்கொள்ளும்,
நவ்ரோஸ் அலி

பின்குறிப்பு: இந்தக் கடிதம் மூன்று வாரம் சட்டைப்பையிலேயே கிடந்துவிட்டது. இன்று ஹெலன் போன் செய்தாள். அரசாங்கம் மேல்முறையீடு செய்துவிட்டதாம். அதிகாரி செய்தது தப்பு என்று சொன்ன நீதிபதி அம்மா செய்தது தப்பா என்று இனி இன்னொரு நீதிபதி பார்ப்பாராம். “அவராவது என் தம்பியைப் பத்திக் கேப்பாரா?” என்றேன். மாட்டாராம். மேலே உள்ளதை அக்காவுக்கு வாசித்துக் காட்டு. இதை மட்டும் கிழித்துவிடு.