மணலைக் கொதிக்க வைத்தவர்

திருகோணமலைத் துறைமுகத்தில் எல்லா நாட்டுக் கப்பலையும் பார்த்தவர்கள் உண்டு. மணல் கொதித்ததைப் பார்த்தவர்கள் எங்கள் தெருக்காரர் மட்டுமே. அந்தப் பெருமையைத் தந்தவருக்குத் தெரு வைத்த பட்டம் கொதிமணலார்.

எழுபதுகளில் றோசம்மா அக்கா வீட்டில் அவரும் நானும் சாப்பாட்டோடு வாடகைக்கு இருந்தோம். நான் துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். அவர் ஓர் ஆலையில் கொதிகலன் இஞ்சினியர். எண்ணெய் விலை ஏறிய காலம். வெள்ளைக்காரன் துறைமுகத்தில் விட்டுப்போன நிலக்கரித் தூளை வீணாக்காமல் எரிப்பதே அவருடைய இலட்சியம். துளைத்தட்டில் மணலைப் பரப்பிக் கீழிருந்து காற்றை ஊதினால் மணல் கஞ்சிபோலக் கொதிக்குமாம். அதற்குள் விழுந்த கரி பொட்டும் மிஞ்சாமல் எரியுமாம். எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு எரியும் என்று கணக்கும் போட்டு முடித்துவிட்டார்.

எந்த அடுப்பைக் கண்டாலும் சாம்பலை விரலால் தேய்த்துப் பார்ப்பார்.

“அக்கா, உங்கட அடுப்பில பாதிச் சூடு கூரைக்குப் போகுது.”

“போகட்டும் தம்பி. அங்கதானே என்ரை கருவாடு காயுது.”

ஒரு ஞாயிறு, பின்வளவில் தகரப் பீப்பா அடுப்பு தயார். கொல்லனிடம் இரவல் வாங்கிய, கையால் சுற்றிக் காற்றடிக்கும் ஊதி என் பொறுப்பு.

“சுத்துங்கோ ஐசே! இன்னும் வேகமா!”

சுற்றினேன். மணல் கொதிக்கவில்லை, பறந்தது. அக்காவின் மீன்குழம்பு கடற்கரையாகிவிட்டது.

“தம்பி, ஒண்டில் இந்த அடுப்புப் போகோணும், இல்லாட்டி நீங்கள் போகோணும்.”

அவர் தலையைச் சொறிந்தார். “நாளைக்குச் சொல்லட்டோ அக்கா?”

மறுநாள் பிழையைக் கண்டுபிடித்தார். கணக்கில் மணல் எல்லாம் ஒரே பருமன். பீப்பாவில் பெரிதும் சிறிதும் கலந்து கிடந்தது. உடனே அக்கா மா அரிக்கும் அரிதட்டில் மணலை அரிக்கத் தொடங்கினார். அக்கா இரண்டு நாள் அவருடன் கதைக்கவில்லை.

அந்தக் கிழமைதான் புயல் அடித்தது. கிண்ணியாவிலிருந்து தோணி வரவில்லை, விறகும் வரவில்லை. இருந்த விறகெல்லாம் ஊறிப்போய், தெரு முழுக்க அடுப்பு எரியவில்லை. பிள்ளைகள் பசியில் அழுதன. அக்கா தானாகவே அரிசிப் பானையோடு பின்வளவுக்கு வந்தார்.

“உங்கட சாமானைக் கொளுத்துங்கோ பாப்பம்.”

அவர் அரித்த மணலை நிரப்பிக் கொளுத்த, இந்தமுறை மெதுவாகச் சுற்றினேன். மணல் சிவந்து, குமிழியிட்டு, உண்மையாகவே கொதித்தது! ஈரக் கரித்தூளைப் போடப் போட விழுங்கியது. பானைக்குப் பின் பானையாகத் தெருவே வந்து வரிசையில் நின்றது. எல்லாரும் சாப்பிட, அவர் மட்டும் சாம்பலைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

“அக்கா! ஒரு பொட்டுக் கரியும் இல்லை!”

“ஓம், ஓம். கையைக் கழுவிப்போட்டு வாங்கோ, கஞ்சி ஆறுது.”

ஆலைக்காரர் அந்த அடுப்பை வந்து பார்க்கவேயில்லை. அடுத்த வருடம் கொதிமணலார் வெளிநாடு போய்விட்டார். அதன்பிறகு அந்த வீட்டில் சோறு நேரத்துக்கு வந்தது, குழம்பில் மணல் இல்லை. அக்காவும் நானும்தான் பேச்சில்லாமல் சாப்பிட்டு எழுந்தோம்.