ஒரே அறைக்கு வந்த குளிர்

இந்த முறை ராசம்மாவை ஏமாற்றியே தீருவது என்று ஐயாசாமி முடிவெடுத்தார். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் இப்படி அவர் எடுத்த முடிவுகளை எண்ண இரண்டு கை விரல் போதாது. ஜெயித்தது ஒன்றுகூட இல்லை.

கெலாங் பாத்தாவில் அவர்கள் வீட்டின் பின்னறை மகன் லோகேஸ்வரனுடையது. எல்லைப் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் தினமும் வேலைக்குப் போய் வந்த பிள்ளை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலை, பாலத்துக்குப் போகும் சாலையில் லாரி மோதி இறந்துபோனான். அன்றிலிருந்து ராசம்மா தினமும் அந்த அறையைக் கூட்டித் துடைத்து, கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாள். ஐயாசாமி அந்த வாசலைத் தாண்டியதே இல்லை. அந்த வழியாகக் குளிக்கப் போகும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். அறை காலியானால்தான் தனக்கு மூச்சு வரும் என்று தோன்றியது. ஆனால், 'எல்லாம் அவளுக்காகத்தான்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். புருஷர்களுக்கு இந்த வசதி உண்டு.

அறையைக் காலி செய்ய வழியும் கிடைத்தது. வெயிலை வைத்து மின்சாரம், குளிர்ச்சி, ஹைட்ரஜன் மூன்றையும் ஒன்றாகத் தரும் இயந்திரத்தைச் சோதித்துப் பார்க்க, ஓர் ஆராய்ச்சிக் குழு வீடு தேடியது. இலவசம். ஐயாசாமி முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார்.

"ராசம்மா, மெஷினை வீட்டுக்குள்ளதான் வைக்கணுமாம். மழை படக்கூடாதாம். ரூல்ஸ்."

"எங்க வைக்கிறது?"

"பின்ரூமுதான் சரியா இருக்குமாம். அளவெடுத்துட்டாங்க."

"யாரு, நேத்து வந்த இஞ்சினியர் பொண்ணு பிரவீனாவா? அது பின்பக்கமே வரலியே."

"கண்ணாலயே அளவெடுப்பாங்க. இஞ்சினியராச்சே லா."

ராசம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "அப்ப புள்ள சாமானெல்லாம்?"

"யாருக்காச்சும் குடுத்துடலாம். புண்ணியம்."

"சரிங்க."

அவள் 'சரிங்க' என்றால் பயப்பட வேண்டும். ஐயாசாமி சந்தோஷப்பட்டார்.

இயந்திரம் வந்த காலை அவர் கோப்பிக்கடைக்கு ஓடிவிட்டார். மகனின் சட்டைகள் மூட்டையாகப் போவதைப் பார்க்கத் தெம்பு இல்லை. நாலு கிளாஸ் தே தாரிக் டீ குடித்தார். நாலிலும் சீனி போதவில்லை என்று கடைக்காரரோடு சண்டை பிடித்தார்.

மத்தியானம் திரும்பினால், பின்வாசலில் துணி காயப்போடும் இடத்தில் இயந்திரம் திறந்தவெளியில் நின்றது. ஹால் அடுப்பாகக் கொதித்தது.

"ஏன் வெளிய வச்சாங்க?"

"ஹைட்ரஜன் கசிஞ்சா காத்தோட போயிடணுமாம். மூடின ரூமுல வச்சா ஆபத்தாம். நீங்க சொன்ன அன்னிக்கே பிரவீனாவுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டேன்."

ஐயாசாமி தொண்டையைச் செருமினார். "அப்ப குளிர் எங்க?"

"கரண்டு வீடு முழுக்க வருதுங்க. குளிர் மட்டும் ஒரே ரூமுக்குத்தான் பத்துமாம். எந்த ரூமுன்னு கேட்டாங்க. நீங்க இல்ல. லோகேஸ் ரூமுன்னு சொல்லிட்டேன்."

மூன்று நாள் அவர் வீம்புக்கு ஹாலில் விசிறியின் கீழே வெந்தார். நாலாம் நாள் மத்தியானம் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பின்னறைக் கதவைத் தள்ளினார்.

சில்லென்று இருந்தது. மகனின் சாமான் எதுவும் இடம் மாறவில்லை. கதவுக்குப் பின்னால் வேலைச் சட்டை தொங்கியது. கழுத்துப்பட்டியில் பழைய வியர்வைக் கறை. ஐயாசாமி கட்டிலில் உட்கார்ந்தார். சட்டையை எடுத்து மடியில் வைத்தார். அவ்வளவுதான், உடைந்துபோனார். சாவு வீட்டில்கூட அழாத மனிதர், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி அழுதார்.

ராசம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் ஓயும்வரை காத்திருந்தாள்.

"உன்னை ஏமாத்தலாம்னு பார்த்தேன், ராசம்மா."

"தெரியும்."

"குளிரு வேணும்னா முன்னமே கேட்டிருக்கலாமே. ஏர்கான் மாட்டியிருப்பேன்ல?"

"எனக்கு எதுக்குங்க குளிரு? ரெண்டு வருஷமா வேர்வையிலதானே இங்க உக்காந்திருந்தேன். உங்களை உள்ள வரவைக்கத்தான் வேற வழி தெரியல."